மார்ச் மாதத்து ஒன்பது நாள்

அத்தியாயம் 14

லக்ஷணா சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. இந்தப் பதினோரு நாளில் முரளீதரன் தன் பெண்ணிடம் நேராகச் சொன்னவை நாலே வாக்கியங்கள். "காலை அலம்பிண்டு வா." "ஃபேனைக் குறைச்சு வெச்சுக்கோ." "டாக்டர் என்ன சொன்னா?" நாலாவது, முந்தாநாள் சாயங்காலம் கரண்ட் போனபோது சொன்னது: "அசையாதே, டார்ச் கொண்டு வரேன்."

நாலு வருஷத்துக்கு முன்னால், கூடப் படித்த, தென்னேரி கிராமத்துக் குருவை அவள் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாத மனுஷர். அதை நினைத்தால் இந்த நாலு வாக்கியமே பெரிய விஷயம் என்று அவர் மனைவி நாமகிரி, பெருமாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு ஏழாம் மாதம். குரு சிங்கப்பூரிலிருந்து அழைத்து வந்து, வாசலோடு விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் லக்ஷணா உட்கார்ந்திருந்தாள். நாமகிரி ஜாக்கெட் துணி மிச்சத்தில் தைத்து அதற்குப் போட்டிருந்த உறை மடியில் கிடந்தது. காதில் போன். மறுமுனையில் புனாவில் வேலை பார்க்கும் தம்பி ராம்ப்ரஸாத்.

"டேய், இதுல என் பழைய சாட் ஒண்ணுமே இல்லைடா. ரெண்டாயிரத்தாறு கடைசிலேர்ந்துதான் இருக்கு... என்னது, ஃபார்மட் பண்ணிட்டியா? எப்போ?"

ஈஸிசேரில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்த முரளீதரன் பக்கத்தைப் புரட்டவில்லை.

"ரெண்டாயிரத்தாறு தீபாவளிக்கா? எல்லாம் போச்சா அப்போ? ...ஓ, பேக்கப் எடுத்தியா! சிடியா? எங்கே வெச்சே? ...உபந்யாச சிடி டப்பாலயா? 'அப்பா பிசி'ன்னு எழுதியிருக்குமா? சரி, சரி. நீ நல்லா இருப்பே."

அவள் போனை வைத்தாள். சமையலறையிலிருந்து நாமகிரி எட்டிப் பார்த்தாள்.

"பழசெல்லாம் எதுக்குடி இப்போ? என்ன வேணுமோ நேர்லயே கேக்கலாமே."

லக்ஷணா உறையை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"எல்லாம் வேண்டாம்மா. ரெண்டாயிரத்தாறு மார்ச்ல ஒரு ஒன்பது நாள் நீ எழுதினியே, அதை மட்டும் ஒரு தடவை படிச்சுட்டா தேவலை. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி."

"மார்ச்லயா? நான் என்ன எழுதினேன்?"

லக்ஷணா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தன் மனசு நோகக்கூடாது என்று அம்மா தெரியாத மாதிரி இருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வந்த நாளிலிருந்தே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"குளிச்சுட்டு வந்து சொல்றேன்மா" என்று எழுந்து போனாள்.

குளியலறைக் கதவு சாத்தியதும் முரளீதரன் எழுந்தார். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டப்பாவைத் திறந்தார். மேலிருந்து ஆறாவதாக இருந்தது அந்த சிடி. அதைப் பஞ்சாங்கத்துக்கு நடுவில் செருகி, பஞ்சாங்கத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"கோயில் வரைக்கும் போயிட்டு வரேன்."

"இப்பத்தானே சேவிச்சுட்டு வந்தேள்?" என்று நாமகிரி கேட்டது வாசல் வரை வந்தது. அவர் நிற்கவில்லை.

---

கோயில் குளத்துப் படியில் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார். பையிலிருந்து சிடியை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் உடைந்துவிடும். உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்குப் போகலாம்.

முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். காப்பியடித்த பையனின் பேப்பரைக்கூடக் கிழித்ததில்லை. கை வரவில்லை.

லக்ஷணா சிங்கப்பூர் போன புதிதில் ராம்ப்ரஸாத் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, அம்மா பெயரில் மெசஞ்சரில் ஓர் ஐடியும் போட்டுக் கொடுத்தான். நாமகிரிக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தப் பக்கம் பெண் "அம்மா, இருக்கியா?" என்று மூன்று தடவை கேட்டுவிடுவாள். பக்கத்தில் நின்று பார்த்த முரளீதரனுக்குப் பொறுக்கவில்லை. "நகரு, நீ சொல்லு, நான் அடிக்கறேன்" என்று உட்கார்ந்தார். "நான்னு அவளுக்குத் தெரியக்கூடாது" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

சிங்கப்பூரில் வேலை முடிந்து சாப்பிட்டு லக்ஷணா உட்காரும்போது இங்கே மணி ஆறரை. அந்நேரம் நாமகிரி கோயிலில் இருப்பாள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று தனியாக அடிக்க ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் தினமும் என்றாகிவிட்டது. நாமகிரி திரும்பி வந்ததும், இன்று இது கேட்டாள், இது சொன்னேன் என்று ஒப்பித்துவிடுவார். அவளும் ஞாயிற்றுக்கிழமை போனில் அதற்குத் தகுந்த மாதிரி பேசிக்கொள்வாள். பெண்ணோடு பேசாத அப்பா, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார்.

அந்த மார்ச் மாதம் பதினாலாம் தேதியும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"குழந்தை இல்லைம்மா. போயிடுத்து. மூணு மாசம் முடிஞ்சதும் உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். இப்போ இப்படிச் சொல்றேன்."

ஒரு குழந்தை வரப்போகிறது என்பதே அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். இல்லை என்பதும் அந்த நிமிஷம்தான். திரும்பி வாசலைப் பார்த்தார். நாமகிரி இரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றுதான் முதல் தடவையாகக் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். "அம்மா இல்லை, நான் அப்பா" என்று அடித்தால் அந்தப் பக்கம் இருப்பவள் எழுந்து போய்விடுவாள். எங்கோ ஒரு ஊரில், பத்தாவது மாடியில், தனியாக.

அவர் அடித்தார்: "அழு. நான் இங்கேயே இருக்கேன்."

அப்புறம் ஒன்பது நாள். "போன்ல இதை எடுக்காதேம்மா, குரல் கேட்டா உடைஞ்சு போயிடுவேன்" என்று அவளே எழுதினாள். அதைப் படித்ததும் அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. நாமகிரிக்கு உடம்பு தேறட்டும், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் அடுத்த மாதம் ஆயிற்று. அதற்கு மேல் சொன்னால், "ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்பாளே என்ற பயம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் போய்விட்டது.

"சார்... வணக்கங்க."

திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் கனமான பை. குருவின் அப்பா கலியன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக எதிரே நிற்கிறார்.

"பஸ்சு ஐயம்பேட்டைல அர மணி நேரம் நின்னுக்கினு இருந்திச்சி. மருமவளுக்குக் கொஞ்சம் பச்சப் பயிறு, வேர்க்கடல எடுத்தாந்தேன். நாட்டுக்கோழி முட்டயும் எடுத்தாரலாம்னு பாத்தேன். அவுங்க வூட்டுக்கு அதெல்லாம் ஆவாதுன்னு எம் பொஞ்சாதி பெரியநாயகி திட்டிச்சி." தானே சிரித்தார். "வூட்டுக்கு வரலாமா வேணாமான்னு தெரியல. மொதல்ல சாமி கும்புட்டுக்கலாம்னு இப்பிடி வந்தேன்."

முரளீதரன் நகர்ந்து இடம் கொடுத்தார். கலியன் ஒரு படி கீழே உட்காரப் போனார்.

"இங்கேயே உக்காருங்கோ" என்றார் முரளீதரன்.

கலியன் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தபா நல்லபடியா முடியணும் சார். போன தபா ஆனப்ப குரு போன் பண்ணிச் சொன்னான் பாருங்க, எங்க வூட்ல அன்னிக்கு அடுப்பு பத்த வெக்கல. பெரியநாயகி, எங்க அண்ணி, நானு, எல்லாரும் உக்காந்து அழுதுக்கினு இருந்தோம். ரெண்டு நாள் அழுதப்புறம்தான் மனசு ஒரு நெலைக்கு வந்துச்சி." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பெரியநாயகி அப்பவே சொல்லிச்சி. நமக்கு அழுவறதுக்கு நாலு பேர் இருக்குறாங்க, பெத்தவங்க பாவம் தனியா அழுதுக்கினு இருப்பாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்னு. நான்தான் பயந்துக்கினு வேணாம்னுட்டேன்."

முரளீதரன் குளத்தைப் பார்த்தபடி இருந்தார். தனியாகக்கூட அழவில்லை நாமகிரி. அழ வேண்டியது ஒன்று இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அதிர்ச்சி கூடாது என்று அவர் ஒளித்து வைத்தது, அவளுடைய சொந்தத் துக்கம்.

"வெள்ளிக்கெழம எங்கூர்ல வளையல் போடலாம்னு இருக்கோம் சார். நீங்களும் அம்மாவும் வந்தா..." கலியன் தயங்கினார். "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எங்க அண்ணன் பரசுராமனுக்கு இன்னும் கோவம் ஆறல. அன்னிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல அவுரு கும்புட்டாரு. நீங்க கும்புடாம திரும்பிக்கினு பூட்டீங்க. ஊருக்கே பெரிய மனுசன். நீங்க வந்தா நாலு பேர் முன்னால கேட்டாலும் கேப்பாரு."

"கேக்கட்டும். நியாயம்தானே" என்றார் முரளீதரன்.

கலியன் எழுந்தார். வயலில் மோட்டார் ரிப்பேர், மெக்கானிக் வந்துவிடுவார் என்றார். பையை யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் பார்த்தார். முரளீதரன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

---

வீட்டில் உபந்யாச சிடிகள் எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. நடுவில் லக்ஷணா, முட்டியை மடிக்க முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

முரளீதரன் பயிறுப் பையை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் சிடியை வைத்தார்.

"இதைத்தானே தேடறே?"

"எங்கே இருந்துதுப்பா?"

"என் பையில. நான்தான் எடுத்துண்டு போனேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், சிடியைப் பார்த்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து கம்ப்யூட்டரில் போட்டாள். உள்ளே விர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது. ராம்ப்ரஸாத் மெசஞ்சரை ஃபோல்டரோடு அப்படியே காப்பி பண்ணி வைத்திருந்தான். அதை எடுத்து அது இருக்க வேண்டிய இடத்தில் போட்டாள். பாதியில் ஒரு முறை நின்றது. சிடியை வெளியே எடுத்து, துப்பட்டா நுனியால் நடுவிலிருந்து ஓரம் வரை நேராகத் துடைத்து மறுபடி போட்டாள். நகர்ந்தது.

"வந்துடுத்து! அம்மா, உன் ஐடில உள்ளே போனாத்தான் படிக்க முடியும். பாஸ்வேர்ட் சொல்லு."

"எனக்கென்னடி தெரியும்? உங்கப்பாவைக் கேளு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அப்புறம் கரண்டி பாத்திரத்தில் விழுந்த சத்தம்.

லக்ஷணா மெதுவாகத் திரும்பினாள். "அப்பாவையா?"

நாமகிரி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"எனக்கு அப்போ கண்ணு தெரியலையோன்னோ. நான் சொல்லுவேன், அவர் அடிப்பார். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டுட்டார்டி."

"நான் வரது ஆறரைக்கும்மா. ஆறு மணிக்கெல்லாம் நீ கோயிலுக்குப் போயிடறியே. பதினோரு நாளாப் பாக்கறேனே."

"நான் வந்ததும் ஒண்ணு விடாம சொல்லிடுவார்."

"ஒண்ணு விடாமயா?"

அம்மாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு விட்டேன்" என்றார் முரளீதரன். "நாமகிரி, அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காரு."

அவள் அணைத்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் மாசம், இவளுக்குக் குழந்தை உண்டாகி மூணாம் மாசத்துல கலைஞ்சு போயிடுத்து. உனக்குன்னு நினைச்சுண்டு எழுதினா. படிச்சது நான். பதில் எழுதினதும் நான்தான். நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து நாலே நாள் ஆகியிருந்தது. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். சொல்லலை."

கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா?" என்றாள் நாமகிரி.

"ஆமாம்."

நாமகிரி, பெண் உட்கார்ந்திருந்த நாற்காலி அருகே போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழுதாள். அந்த வீட்டில் அவள் அப்படி அழுது முரளீதரன் பார்த்ததில்லை.

"என்கிட்ட சொல்லிட்டதா நினைச்சுண்டே இருந்தியாடி, கண்ணே..."

"நீ ஒண்ணுமே கேக்கலையேன்னு நினைச்சேம்மா. எனக்கு வருத்தமா இருக்கும்னு எடுக்காம இருக்கேன்னு..." லக்ஷணாவும் அழுதாள். இரண்டு பேரும் அழுது ஓயும் வரை முரளீதரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் நாமகிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"படி. என் பேர்ல என்னதான் எழுதினார்னு நானும் கேக்கறேன்."

முரளீதரன் ஆறு எண்களைச் சொன்னார். லக்ஷணா அடித்தாள். உள்ளே போய்விட்டது.

"என்ன நம்பர்ப்பா இது?"

"உன் பத்தாங்கிளாஸ் ரெஜிஸ்டர் நம்பர்."

அவளுக்கே அது மறந்து போயிருந்தது.

---

இடது பக்கம் தேதிகள் வரிசையாக நின்றன. பதினாலாம் தேதியை அமுக்கினாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அவள் எழுதியது, அவர் எழுதியது, பக்கத்தில் மணி, நிமிஷம். "அழு. நான் இங்கேயே இருக்கேன்" என்பதைப் படிக்கும்போது குரல் உடைந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த நாளுக்குப் போனாள்.

"'வெந்நீர்லயே குளி. பூண்டை நெய்யில வதக்கி, மிளகு ஜீரகப் பொடி போட்டு சூடா ரெண்டு பிடி சாதம் சாப்பிடு. அடிவயத்துல துணியை இறுக்கிக் கட்டிக்கோ. ஒரு வாரம் கனமா எதையும் தூக்காதே...'"

"நிறுத்து" என்றாள் நாமகிரி. கணவர் பக்கம் திரும்பினாள். "இது நான் சொன்னது."

முரளீதரன் தலையை ஆட்டினார்.

"தெற்கு மாட வீதில யாரோ ஒரு பொண்ணு, குறையாப் போயிடுத்து, அம்மா கிட்ட இல்லை, என்ன குடுக்கறதுன்னு கேட்டேளே. அந்தப் பொண்ணா?"

"ஆமாம். எனக்கு என்ன தெரியும்? உன்னைத்தான் கேட்டேன்."

"அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு தினம் நானும் கேட்டேனே!"

"அதையும் எழுதினேன்."

லக்ஷணா வேகமாக மூன்றாம் நாளைத் திறந்தாள். இருந்தது. "சாப்பிட்டியா? தூங்கினியா? தலைக்கு எண்ணெய் மட்டும் இப்போ வேண்டாம்."

"பேர்கூடத் தெரியாதே, என்ன பேர் சொல்றதுன்னு தெரியாமயே அவளுக்காகத் தாயார் சன்னதில ஒன்பது நாளும் விளக்கு ஏத்தினேன்" என்றாள் நாமகிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துவிட்டோம் என்று உறைத்ததும் கணவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாவது நாள், பதினேழாம் தேதி, திறக்கவில்லை.

லக்ஷணா மறுபடி அமுக்கினாள். சிடியை எடுத்துத் துடைத்தாள், மறுபடி காப்பி பண்ணினாள். அந்த ஒரு ஃபைல் மட்டும் வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். ஐந்தாம் நாள் திறந்தது, ஆறாம் நாளும் திறந்தது. ஒன்பதாம் நாள் வரை எல்லாம் இருந்தன. பதினேழு மட்டும் இல்லை.

"எனக்கு அந்த நாள்தான்மா வேணும்." சின்னப் பெண்போலச் சொன்னாள். "அன்னிக்கு ரொம்ப மோசமா இருந்தது. மூணு நாளாத் தூங்கலை. அதைப் படிச்சப்புறம்தான் தூங்கினேன். என்ன எழுதியிருந்ததுன்னு சரியா ஞாபகம் இல்லை. அதுக்குத்தான் இவ்வளவும் தேடினேன்."

"நான் சொல்றேன்" என்றார் முரளீதரன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். வகுப்பில் தேற்றம் சொல்கிற குரலில் ஆரம்பித்தார். அது கொஞ்ச தூரம்தான் வந்தது.

"'அம்மா, அப்பாவுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டே. நான் ஒண்ணும் அடிக்கலை. நீ ஒரு கேள்விக்குறி அனுப்பிச்சே. கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. அப்புறம் அடிச்சேன்."

"என்னப்பா அடிச்சே?"

"'தெரியும். என்ன சொல்றதுன்னு தெரியாம பக்கத்துலயே உக்காந்துண்டிருக்கார். நீ தூங்கற வரைக்கும் எழுந்து போக மாட்டாராம்.'"

லக்ஷணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ, 'எனக்காகப் பொய் சொல்லாதேம்மா'ன்னு எழுதினே. 'பொய் இல்லை'ன்னு எழுதினேன். அந்த ஒன்பது நாள்ல நான் எழுதினது எல்லாமே இன்னொருத்தர் பேர்ல எழுதினது. அது ஒண்ணுதான் என்னோடது."

"எத்தனை மணிக்குப்பா எழுந்து போனே?"

"எட்டேகாலுக்கு. உன் பேர் பக்கத்துல இருந்த விளக்கு அணைஞ்சப்புறம். உங்கம்மா நடுவுல வந்து என்ன பண்றேள்னு கேட்டா. செஸ் ஆடறேன்னேன்."

லக்ஷணா எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து ஜன்னலுக்கு வந்து, அப்பாவின் தோளில் நெற்றியை வைத்தாள். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் தலைமேல் வைத்தார்.

"அப்போ ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் மெதுவாக. "அம்மாவா இருந்தா கேட்டிருப்பா. எனக்கு தைரியம் வரலை. ரொம்ப வலிச்சுதாம்மா?"

"வலிச்சுதுப்பா" என்றாள் லக்ஷணா.

---

அன்று நாமகிரி அவருக்குப் பரிமாறினாள், ஆனால் பேசவில்லை. சாத்தமுதைச் சாதத்தில் விட்டுவிட்டு, இன்னும் வேணுமா என்று கேட்காமல் நகர்ந்தாள். முப்பது வருஷத்தில் அது முதல் தடவை. அவரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கோயிலுக்குக் கிளம்பவில்லை. பெண்ணின் கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கலியன் கொடுத்த பயிறு வேகும் வாசனை வந்தது.

முரளீதரன் ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இன்னொன்றை மனசுக்குள் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாட அவரால் இனி முடியாது.

"கலியன் கோயில்ல என்னைப் பாத்தார். பயிறு அவர் குடுத்ததுதான். வெள்ளிக்கிழமை தென்னேரில வளையல் அடுக்கணுமாம். நம்மளைக் கூப்பிட்டார்."

நாமகிரி துணியைப் பிழிந்தாள். பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். "நாம ரெண்டு பேரும் போறோம்னு சொல்லிடு."

"மூணு பேர்" என்றார் முரளீதரன்.

லக்ஷணா நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவசரமாகத் தொடர்ந்தார். "அவர் அண்ணா பரசுராமன் இருக்கார். அன்னிக்கு அவர் கும்பிட்டார், நான் பதிலுக்குக் கும்பிடாம திரும்பிண்டு வந்துட்டேன். வெள்ளிக்கிழமை ஊர் முன்னால கேப்பாராம். கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை." மனைவியைப் பார்த்தார். "நீ ஏதாவது சொல்லேன், நாமகிரி."

நாமகிரி துணியை வெந்நீரில் போட்டாள். மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் பேசினாள்.

"நான் சொல்லித் தரப் போறதில்லை. இந்தத் தடவை உங்க பேர்ல நீங்களே பேசுங்கோ."